திரையின் மூலையில் ஒரு கிளி

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் சுயம்புலிங்கம்.

மேலே உள்ள வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயைக் குடித்துக்கொண்டே அதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். என் பெயர்தான். சந்தேகமில்லை.

முதியோர் மாலை வகுப்பு எஸ்தர் டீச்சர் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். "எதை எழுத?" என்று கேட்டேன். "நடந்தத எழுதுங்க ஐயா. மழை பெஞ்சா மழை, தோச தின்னா தோச" என்றார். இன்று தோசை. மழை இல்லை.

ஜூன் 4, புதன்

நேற்று கை வலித்ததால் நிறுத்திவிட்டேன். இன்று மீதி.

எனக்கு அறுபத்தெட்டு வயது. தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்தேன். உப்பு வெளிச்சம் கண்ணைக் கொஞ்சம் தின்றுவிட்டது. இப்போது மகள் ஜெயக்கனியின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், சான்றிதழுக்கு விண்ணப்பம், பஸ் டிக்கெட், எல்லாம் உண்டு. வருமானச் சான்றிதழுக்கு இந்த மாதம் நல்ல கூட்டம்.

கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். நான் பெட்டி என்றுதான் சொல்வேன். மூன்றாவது பெட்டி ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் அதன் திரை தெரியாது. பெண்களும், கூச்சப்படுகிற ஆண்களும் அதைத்தான் கேட்பார்கள். ஆள் இல்லாதபோது அது என்னுடையது. எனக்காகக் கனி அதைத் தமிழுக்கு மாற்றி வைத்திருக்கிறாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தமிழ். எனக்கு ஊருக்கு நடுவே வீடு கிடைத்த மாதிரி இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

மதியம் மூன்றாம் பெட்டியில் செய்தி படித்தேன். எழுத்துகள் எறும்பு மாதிரி ஊர்ந்தன. அப்போது நடுவில் ஒரு கட்டம் வந்தது. அதில் ஒரு பச்சைக் கிளி. "எழுத்துகள் சிறியதாக உள்ளனவா? கிளி பெரிதாக்கித் தரும். இலவசம்" என்று போட்டிருந்தது. என் மனதில் இருந்ததையே கேட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் முழுவதையும் படித்தேன்.

அதற்குக் கீழே இன்னும் நிறைய எழுதியிருந்தது. அது மிகச் சின்ன எழுத்து, படிக்க முடியவில்லை. கடைசியில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'சரி'. இன்னொன்றில் 'வேண்டாம்'. வாசல் தேடி வந்து உதவுகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சரியை அழுத்தினேன். இன்னொரு கட்டம் வந்தது. சரி. மறுபடியும் ஒன்று. சரி.

எழுத்துகள் புளியங்கொட்டை அளவுக்குப் பெரிதாகிவிட்டன. திரையின் மூலையில் அந்தக் கிளி உட்கார்ந்துகொண்டது. நல்ல கிளி.

ஜூன் 9, திங்கள்

கிளி வந்த பிறகு பெட்டியில் படிக்க நிறைய இருக்கிறது. முன்பு செய்தி மட்டும் வரும். இப்போது இடது பக்கம், வலது பக்கம், அடியில் என்று விளம்பரங்கள் வருகின்றன. மூட்டுவலித் தைலம். தவணையில் கட்டில். ராசிக்கல். ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிக்கிறேன்.

"எப்பா, வெளம்பரத்தப் போயி யாராவது படிப்பாவளா?" என்றாள் கனி.

"ஓசியில எழுதி வச்சிருக்கான். படிச்சா என்ன?"

"அது சரி. நல்லாப் படிங்க" என்று சிரித்துவிட்டு முதல் பெட்டிக்குப் போய்விட்டாள்.

மாலை வகுப்பில் நல்ல செய்தி. தேர்வில் எல்லோரும் தேறிவிட்டோம். இருபத்தாறாம் தேதி சமுதாயக் கூடத்தில் சான்றிதழ் விழா. மேடையில் ஒருவர் பாடம் வாசிக்க வேண்டுமாம். டீச்சர் என்னைத்தான் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். ஆனாலும் என்னைத்தான் பார்த்தார். சரி என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒரு தப்பு நடந்தது.

டியூஷன் நடத்தும் பிரமநாயகம் சார் மூன்றாம் பெட்டியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் போய் உட்கார்ந்தேன். புது விளம்பரம் ஒன்று வந்தது. வழக்கம்போல உரக்கப் படித்தேன். "வழுக்கையா? கவலை வேண்டாம். ஒட்டியதே தெரியாத இயற்கையான முடி."

நிமிர்ந்து பார்த்தால் சார் திரும்பி வந்து நிற்கிறார். அவருடைய டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார்கள். பிள்ளைகள் சாரின் தலையைப் பார்த்தார்கள். சாரின் கை அவரை அறியாமல் தலைக்குப் போய் முடியை அழுத்திக்கொண்டது. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். சார் பாக்கிச் சில்லறையைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் பெட்டியில் முன்னால் உட்கார்ந்தவர் எதைத் தேடினாரோ, அதன் விளம்பரம் பின்னால் உட்காருபவருக்கு வருகிறது. போன வாரம் தபால்காரர் எழுந்து போனதும் மூட்டுவலித் தைலம் வந்தது. கட்டிலைத் தேடியவர் கல்யாண வீட்டுக்காரர்.

கனியிடம் சொன்னேன். "வெளம்பரம்னா அப்படித்தாம்ப்பா. எல்லாப் பெட்டிலயும் கொஞ்சம் வரும்" என்றாள். கையில் ஒரு கட்டு விண்ணப்பம் வைத்திருந்தாள். நானும் விட்டுவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

இப்போது இது எனக்கு ஒரு விளையாட்டு. யார் எழுந்து போனாலும் உட்கார்ந்து பார்க்கிறேன். வாய்விட்டு மட்டும் படிப்பதில்லை. அரிசிக் கடைக்காரர் வெளிநாட்டு வேலை தேடுகிறார். அவர் வீட்டில் இது தெரியுமா என்று தெரியவில்லை.

மதியம் சந்தனமாரி என்ற பெண் வந்தாள். அடுத்த தெரு. கூட ஐந்து வயதுப் பெண் பிள்ளை, பெயர் சுபி. தாய் மூன்றாம் பெட்டியைக் கேட்டாள். உட்காரும் முன் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். இந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டு வரைக்கும் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள்.

கனி அவள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகப் பேசிக்கொண்டே தேடிக் கொடுத்தாள். பிள்ளை என்னிடம் வந்தது.

"தாத்தா, அந்தக் கிளி பேசுமா?"

"பேசாது. சும்மா உக்காந்திருக்கும்."

"பழம் திங்குமா?"

"அதும் திங்காது."

"பொறவு எதுக்கு வச்சிருக்கிய?"

கடலைமிட்டாய் கொடுத்தேன்.

எழுந்து போகும்போது சந்தனமாரி கேட்டாள். "அக்கா, இதுல நான் பாத்தது வேற யாருக்கும் தெரியாதுல்லா?"

"மூடிட்டாப் போயிரும்க்கா. பயப்படாதிய" என்றாள் கனி.

சந்தனமாரி அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

நான் இன்று அந்த விளையாட்டை விளையாடவில்லை. மின்சாரம் போய்விட்டது.

ஜூன் 18, புதன்

சந்தனமாரி மறுபடி வந்தாள். சுபி கிளிக்கு டாட்டா காட்டியது. கனி ஏதோ டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். பணத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, டிக்கெட்டை அச்சடித்து அவளிடம் கொடுக்காமல் தன் மேஜைக்குள் போட்டுப் பூட்டினாள். நான் கேட்கவில்லை. கடையில் நான் கேட்காத விஷயங்கள் நிறைய.

மேடைப் பாடத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லில் கால் தடுக்குகிறது.

ஜூன் 20, வெள்ளி

காலையில் மூன்றாம் பெட்டியைத் திறந்தேன். கிளி இருந்தது. அதன் கீழே மூன்று விளம்பரங்கள் வரிசையாக வந்தன.

கோவையில் தாயும் குழந்தையும் தங்கப் பாதுகாப்பான விடுதி. வாசலில் காவல் உண்டு.

தையல் தெரிந்த பெண்கள் தேவை. உடனே சேரலாம்.

தூத்துக்குடியிலிருந்து கோவைக்கு வெள்ளி இரவு படுக்கைப் பேருந்து.

இன்னொரு தடவை படித்தேன். பிறகு கனியைக் கூப்பிட்டேன். "வெளம்பரந்தானப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், படித்ததும் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத யாரு பாத்தா?"

"நான் மட்டும்."

"இதுக்கு முன்ன?"

"நேத்து வக்கீல் குமாஸ்தா உக்காந்து மனு மட்டும் அடிச்சாரு. அவரு வெளம்பரம் படிக்கிற ஆளு இல்ல."

கனி பெட்டியை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தாள். எதையாவது தேடினால் வழக்கமான தேடும் பக்கம் வரவில்லை. அதே மாதிரி வேஷம் போட்ட வேறொரு பக்கம் வந்தது. அதன் ஓரத்திலும் கிளி இருந்தது. பிறகு 'நீட்டிப்புகள்' என்ற பக்கத்தைத் திறந்தாள். இணையம் பார்க்கிற கருவியோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன உதவிகள் அங்கே இருக்குமாம். கிளி அங்கே இருந்தது. அதன் பக்கத்தில் இருந்த வரியை விரல் வைத்து நான் படித்தேன்.

"நீங்கள் செல்லும் எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கலாம், மாற்றலாம்."

"தரவுன்னா என்ன?" என்று கேட்டேன்.

"இங்கன உக்காந்து என்னெல்லாம் பாக்காவளோ, என்னெல்லாம் எழுதுதாவளோ, அது பூராவும்ப்பா. அத எவனுக்கோ அனுப்பிக்கிட்டே இருந்திருக்கு. அவன் அதுக்குத் தக்கன வெளம்பரம் போடுதான்."

"கிளியா?"

"கிளிதான்."

அகற்று என்ற பொத்தானை அழுத்தினாள். கிளி போய்விட்டது. எழுத்துகள் மறுபடி எறும்பாகிவிட்டன.

"யாரு இத உள்ள விட்டது?" என்று கேட்டாள்.

"கடைக்கு எத்தன பேரு வாராவ, போறாவ" என்றேன். அது உண்மைதான்.

ஜூன் 21, சனி

காலையில் பெட்டியைப் போட்டதும் கிளி மூலையில் உட்கார்ந்திருந்தது. அந்த மூன்று விளம்பரங்களும் இருந்தன.

கனி மறுபடி அகற்றினாள். பெட்டியை அணைத்துப் போட்டாள். கிளி மறுபடி வந்தது.

"இத யாரோ உள்ள இருந்து கூட்டிட்டு வாரான்" என்றாள். எங்கே இருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. 'பழுது' என்று ஒரு தாளில் எழுதி மூன்றாம் பெட்டியில் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

ஜூன் 23, திங்கள்

ஞாயிறு முழுவதும் மின்சாரம் இல்லை. இன்று முழுவதும் கூட்டம்.

பந்தல்காரர் கடையிலிருந்து சமுதாயக் கூடத்துக்கு மூங்கில் வந்து இறங்கிவிட்டது. இறக்கியவர்களில் செந்தூர்பாண்டி இருந்தான். சந்தனமாரியின் வீட்டுக்காரன். ஒரு கையால் ஒரு மூங்கில் கட்டைத் தூக்குகிறான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்தது நீளம். மெதுவாக எழுதுகிறேன்.

கனி பாங்குக்குப் போயிருந்தாள். கடையில் நான் மட்டும். வியாழக்கிழமை மேடை. பாடம் பழக வேண்டும். மூன்றாம் பெட்டியில்தான் எழுத்து பெரிதாகத் தெரியும். பழுது என்ற தாளைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உட்கார்ந்தேன். கிளி இருந்தது. திட்டக் கனி கடையில் இல்லாததால் அதைப் பற்றி நான் பெரிதாக நினைக்கவில்லை.

செந்தூர்பாண்டி செருப்போடு உள்ளே வந்தான்.

"என்னவே பெருசு, மக இல்லியா?"

"பாங்குக்குப் போயிருக்கா."

"எம்பொண்டாட்டி இங்கன வந்து மணிக்கணக்கா உக்காந்திருக்கான்னு ஒருத்தி சொன்னா. எந்தப் பொட்டில உக்காந்தா?"

"எத்தனயோ பேரு வாராவ. யாரு எங்க உக்காந்தாவன்னு யாரு கண்டா."

அவன் என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். அதில் தையல் மிஷின் முன்னால் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். பக்கத்தில் பஸ் படம். அதற்கும் பக்கத்தில், ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலுக்குள் போகும் படம்.

அவன் மூச்சு என் காதில் பட்டது.

"எம்பொண்டாட்டியும் தைக்கத் தெரிஞ்சவ. என்ன போட்டிருக்கு இதுல?"

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன்.

"கண்ணாடிய வீட்ல மறந்து வச்சிட்டேன். நீரு படிச்சுச் சொல்லும்."

அவன் மூக்கில் கண்ணாடி உட்கார்ந்த தடம் இல்லை. நானும் நாற்பது வருடம் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கண்ணாடியே இருந்ததில்லை.

திரையைப் பார்த்தேன். விடுதியின் பெயர், அது இருக்கும் தெரு, பஸ் புறப்படும் இடம், எல்லாம் புளியங்கொட்டை அளவில் இருந்தன. எந்தச் சொல்லிலும் கால் தடுக்கவில்லை. இவ்வளவு வேகமாக இதுவரை நான் படித்ததில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

"பள்ளிக்கூடம் போறீருன்னாவ?"

"போனேன். ஏறல."

"பொறவு இதுக்கு முன்ன உக்காந்து என்ன பண்ணுதீரு?"

"படம் பாக்கேன். இந்தக் கிளி நல்லாருக்கு."

அவன் சிரித்தான். "ஆனா ஆவன்னாவாவது தெரியுமா?"

"ஆனா தெரியும். ஆவன்னா கொஞ்சம்."

"வெளங்கிரும். உம்மயெல்லாம் மேடையில ஏத்தி சான்றிதழ் குடுக்கப் போறானுவ. அதுக்கு நான் வேற பந்தல் போடுதேன்."

இவ்வளவோடு போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"போட்டோ புடிச்சுட்டுப் போறேன். எவன்ட்டயாவது கேட்டாச் சொல்லுவான்."

நான் காலை நீட்டினேன். உப்பில் வெந்த கால். எதன் மேல் படுகிறது என்று அதற்குத் தெரியாது. மேஜைக்கு அடியில் சுவிட்சின் மேல் பட்டது. திரை கறுத்துவிட்டது.

"என்னவே பண்ணுனீரு?"

"கரண்டு போச்சு போல."

"ஃபேன் ஓடுது!"

"அது வேற லைன்."

அவன் ஃபேனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போடச் சொன்னான். போடத் தெரியாது, மகள் வந்தால்தான் முடியும் என்றேன். "கூறுகெட்ட மூதி" என்றான். வெளியே பந்தல்காரர் வண்டியிலிருந்து ஆரன் அடித்தார். போய்விட்டான்.

கனி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் ஷட்டரைப் பாதி இறக்கினாள். நான் ஏன் அந்தப் பெட்டியில் உட்கார்ந்தேன் என்று அவள் கேட்கவில்லை.

ஜூன் 25, புதன்

இன்று கடை இல்லை. கனி ஷட்டருக்குள் உட்கார்ந்து மூன்றாம் பெட்டியைப் பிரித்து மேய்ந்தாள். முதலில் இணைய வயரைப் பிடுங்கினாள். "இனி அது யாருக்கும் எதயும் அனுப்ப முடியாது" என்றாள்.

பெட்டிக்குள் என்னென்ன வந்து குடியிருக்கிறது என்று ஒரு பட்டியலைத் திறந்து, வந்த தேதியை வைத்து வரிசைப்படுத்தினாள். ஜூன் 5 அன்று 'எழுத்து உதவியாளர்' என்று ஒன்று வந்திருந்தது. அவள் அப்படி ஒன்றைப் போட்டதே இல்லை. அதுதான் பெட்டியைப் போடும்போதெல்லாம் கிளியைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்திருக்கிறது. கிளியை விரட்டினால் போதாது, கூட்டிவருகிறவனை விரட்ட வேண்டும். முதலில் அதை அகற்றினாள். பிறகு கிளியை. பிறகு அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கியிருந்த பெயர் தெரியாத தளங்கள் ஒவ்வொன்றையும். தேடும் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள். பெட்டி சேர்த்து வைத்திருந்த பழைய தடயங்கள் எல்லாவற்றையும் துடைத்தாள். சுத்தம் செய்கிற ஒரு நல்ல மென்பொருளை வேறொரு பெட்டியில் இறக்கிக் கொண்டுவந்து ஓடவிட்டாள்.

அணைத்துப் போட்டோம். கிளி இல்லை. மறுபடி அணைத்துப் போட்டோம். இல்லை.

"ஒருத்தன் மூணு தடவ சரி குடுத்தாத்தான் இது இவ்வளவு ஆழம் போவும்" என்றாள் கனி, திரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு இருமல் வந்தது.

அவள் திரும்பவில்லை. "எப்பா, இங்க பாருங்க. இந்த ஓரத்துப் பொத்தான அமுக்கிக்கிட்டு, இந்தக் கூட்டல் குறிய ஒரு தட்டுத் தட்டுங்க" என்றாள். தட்டினேன். எழுத்து பெரிதாகியது. இன்னொரு தட்டு. புளியங்கொட்டை.

"இதுக்கு எதுக்குக் கிளி?" என்றாள். அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை.

சாயங்காலம் வரை போனில் இருந்தாள். இந்த மாதம் மூன்றாம் பெட்டியில் உட்கார்ந்தவர்களை நினைவு வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். "எங்க பெட்டியில ஒரு கோளாறு இருந்துட்டு. நீங்க எதுலயாவது ரகசிய எண் அடிச்சிருந்தா மாத்திக்கிடுங்க" என்றாள். அரிசிக் கடைக்காரர் சத்தம் போட்டார். இனி வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னார். பிரமநாயகம் சார் நன்றி சொல்லி உடனே வைத்துவிட்டார். சொல்லாமலே இருந்திருக்கலாமே என்றேன். "நான் வாயால சொன்னேன்லாப்பா, மூடிட்டாப் போயிரும்னு" என்றாள்.

சந்தனமாரிக்குப் போன் செய்யவில்லை. ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பின்னால் போய் நின்று, டிக்கெட்டைச் சர்க்கரைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

கடை வாசலில் ஒரு பலகை வைக்க வேண்டும், நீங்களே எழுதுங்கள் என்றாள். சனிக்கிழமை எழுதுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

விழா நடந்தது. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பந்தல் நன்றாக இருந்தது. செந்தூர்பாண்டி ஒலிபெருக்கிக் கம்பத்தின் பக்கத்தில் நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எஸ்தர் டீச்சர் என் பெயரைச் சொல்லிப் பாடம் வாசிக்கக் கூப்பிட்டார். மேடையில் ஏறினேன். தாளைக் கையில் கொடுத்தார். 'சுற்றுச்சூழல்' இரண்டாவது வரியில் இருந்தது. தடுக்கவில்லை. டீச்சரிடம், "கண்ணு சரியாத் தெரியல டீச்சர்" என்றேன்.

"பழகுனதுதான் ஐயா. மனப்பாடமாவே வருமே."

"வரல டீச்சர்."

கூட்டத்தில் சிரித்தார்கள். டீச்சர் முகம் சின்னதாகிவிட்டது. வேறொரு அம்மாளைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார். அந்த அம்மாள் நன்றாக வாசித்தாள்.

சான்றிதழ் வாங்கும்போது கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை நீட்டினார்கள். கம்பத்தின் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "பேனா எதுக்கு? மை டப்பாவ நீட்டுங்க! அந்த ஆளுக்கு ஆவன்னாவே தகராறு!"

பேனாவை மேஜையில் வைத்துவிட்டு மை டப்பா கேட்டேன். இல்லை என்றார்கள். தேடினார்கள். எழுத்தறிவு விழாவுக்கு மை டப்பாவை யார் கொண்டுவருவார்கள்? கடைசியில் அலுவலக முத்திரை குத்தும் டப்பாவைக் கொண்டுவந்தார்கள். அதில் கட்டைவிரலை வைத்து ஒற்றினேன். செந்தூர்பாண்டி கை தட்டினான். பிறகு வயரைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

எஸ்தர் டீச்சர் என் பக்கத்தில் வந்து, "என்ன ஐயா இது?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நாளை மறுநாளுக்குப் பிறகு சொல்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மை ஊதா நிறம். சோப்பு போட்டும் போகவில்லை. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருப்பது அதுதான்.

ஜூன் 27, வெள்ளி

தோசை. மழை இல்லை. பெரிய காற்று.

ஜூன் 28, சனி

காலையில் கனியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. என்னிடமே நீட்டினாள். "வந்து சேந்துட்டோம்க்கா. பிள்ள தூங்குது. வாசல்ல காவல் இருக்கு." சின்ன எழுத்துதான். பெரிதாக்காமலே படித்தேன். படித்ததும் கனி அதை அழித்துவிட்டாள்.

பிறகு பலகையை எடுத்தேன். கறுப்புப் பெயிண்ட், சின்ன பிரஷ். பாதி நாள் ஆயிற்று. வாசலில் ஆணியில் மாட்டினேன்.

மத்தியானம் செந்தூர்பாண்டி வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். நேராக மூன்றாம் பெட்டிக்குப் போனான். கனி அதைப் போட்டுக் காட்டினாள். வெறும் திரை. படம் இல்லை, பஸ் இல்லை, கிளி இல்லை.

"அவ எங்கன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான்.

"இங்க வாரவங்களப் பத்தி நாங்க யார்ட்டயும் பேசுறதில்லண்ணே" என்றாள் கனி. எதிர் டீக்கடையில் நின்றவர்கள் கிளாசோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். வெளியே வந்தான். பலகையைப் பார்த்து நின்றான்.

"என்னத்த எழுதித் தொங்க விட்டிருக்கிய?"

நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்றேன். ஊதா விரலை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, டீக்கடை வரைக்கும் கேட்கும்படி படித்தேன்.

"இங்கே நீங்கள் பார்ப்பது உங்களோடு. வேறு யாருக்கும் சொல்ல மாட்டோம். எழுந்து போகும் முன் கேளுங்கள், துடைத்துத் தருகிறோம். இப்படிக்கு, சுயம்புலிங்கம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு வாசிக்கத் தெரியாதுன்னீரு."

"ஆமா."

"முந்தாநாள் கைநாட்டு வச்சீரு."

"ஆமா. வச்சேன்."

"இப்ப?"

"இப்ப தெரியுது."

அவன் கை ஓங்கும் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. பலகையில் எழுத்து இருந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்தான். அவனுக்கு அது கறுப்புக் கோடுகள்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். பஸ் ஸ்டாண்டில் எல்லா ஊர்ப் பெயரும் எழுதியிருக்கும்.

திங்கட்கிழமை எஸ்தர் டீச்சரைப் பார்க்க வேண்டும். பேனாவைக் கொண்டு போக வேண்டும்.

சாயங்காலம் மூன்றாம் பெட்டியில் செய்தி படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கட்டம் வந்தது. இன்று ஒரு மயில். ஏதோ இலவசம். கீழே இருந்த சின்ன எழுத்தைக் கூட்டல் குறி தட்டிப் பெரிதாக்கி முழுக்கப் படித்தேன். டீ ஆறிவிட்டது. வேண்டாம் என்பதை அழுத்தினேன்.

காற்றில் வாசல் பலகை திரும்பிக்கொண்டது. போய் எழுத்து தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.